நெல்லி, முருங்கை கேப்சூல்: எந்த லேப் டெஸ்ட்டுக்கு முதலில் பணம் கட்டுவது?

வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கம் நெல்லிக்காயையும் முருங்கை இலையையும் கரிசலாங்கண்ணியையும் காயவைத்து அரைத்து விற்கும் சிறு குழுக்கள் பல உண்டு. வள்ளலார் கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் உயர்த்திச் சொன்ன மண் என்பதால், கீரைப் பொடிக்கு இங்கே வாங்குபவர் குறைந்ததே இல்லை. இப்போது அந்தக் குழுக்களில் சில, பொடியோடு நிற்காமல் கேப்சூலும் போடுகின்றன. கேப்சூலைப் புதுச்சேரிக் கடைகளுக்குக் கொண்டு போனதும் கடைக்காரர் கேட்பது ஒன்றுதான்: "ஆன்டிஆக்சிடன்ட் ரிப்போர்ட் இருக்கா?"

இந்தச் சோதனைகளை ஆய்வகத்தில் செய்து பழகியவள் என்பதால் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பார்கள். "அக்கா, லேப்ல ஏகப்பட்ட டெஸ்ட் பேர் சொல்றாங்க. எல்லாத்துக்கும் கட்ட நம்மால முடியாது. எதுக்குக் கட்டட்டும், சொல்லுங்க."

நியாயமான கேள்வி. லேப்பின் விலைப்பட்டியலில் எத்தனை பெயர் இருந்தாலும், அவற்றை மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம். முதல் வகை, ஆன்டிஆக்சிடன்ட் திறனை, அதாவது மற்றப் பொருள் ஆக்சிஜனால் கெடாமல் தடுக்கும் திறனை, ஓர் எண்ணாகத் தருவது. இரண்டாவது, வைட்டமின் சி, காலிக் அமிலம், பீட்டா கரோட்டின் என்று உள்ளே இருக்கும் பொருளைப் பெயர் சொல்லி அளப்பது. மூன்றாவது, ஈயம், பூஞ்சை நஞ்சு, கிருமி என்று இருக்கக் கூடாததைத் தேடுவது. கடைக்காரர் கேட்பது முதல் வகை. கையில் இருக்கும் காசு ஒரு வகைக்குத்தான் போதும் என்றால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். மிச்சம் இருந்தால் இரண்டாவது. முதல் வகைக்குக் கடைசியில் வந்தால் போதும், அதையும் லேபிளில் அச்சடிக்க வேண்டாம்.

குழாயில் கிடைக்கும் எண்

அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால், அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். டி.பி.பி.எச். என்பது மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதாவாக நிற்கும் ஒரு ஃப்ரீ ராடிக்கல், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானுக்கு ஜோடி தேடும் மூலக்கூறு. அதில் நெல்லிச் சாற்றைக் கொஞ்சம் விட்டு அரை மணி நேரம் இருட்டில் வைத்தால், ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டரில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் காட்டும். 1958-லிருந்து இருக்கும் முறை இது. செலவு குறைவு. பக்கத்துக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையிலேயே செய்துவிடலாம். ஃப்ராப் என்பது 1996-ல் வந்தது. அது இரும்பு அயனி நிலை மாறி நீலமாவதை 593 நானோமீட்டரில் அளக்கிறது. ஏ.பி.டி.எஸ். முறையில் நீலப்பச்சை நிறம் வெளுப்பதை 734-ல் பார்க்கிறார்கள். ஓராக் முறையில் ஒளிரும் சாயம் ஒன்று 37 டிகிரி சூட்டில் மங்கிப்போக எவ்வளவு நேரமாகிறது என்பது கணக்கு.

நிறம் எதுவானாலும் இவை எல்லாம் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இந்தச் சாறு இன்னொரு பொருளுக்கு எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ எவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறது? கொடுப்பது எந்தப் பொருள் என்று எந்த முறையும் கேட்பதில்லை. அதோடு, ஒவ்வொரு முறைக்கும் சூழல் வேறு. டி.பி.பி.எச். மெத்தனாலில் நடக்கிறது. ஃப்ராப் பி.எச். 3.6 என்ற புளிப்பில் நடக்கிறது. நம் செல்களுக்குள் இருக்கும் முக்கியமான ஆன்டிஆக்சிடன்ட்டான குளுட்டாதயோனை ஃப்ராப் ஏறத்தாழ கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒரே நெல்லிப் பொடி ஒரு முறையில் முதலிடத்திலும் இன்னொரு முறையில் மூன்றாம் இடத்திலும் வரலாம். இரண்டு ரிப்போர்ட்டும் சரிதான். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் தவறு.

அலகும் குழப்பும். ஒரு லேப் டிரோலாக்ஸ் என்ற ஒப்பீட்டுப் பொருளுக்குச் சமமாகச் சொல்லும், இன்னொன்று அஸ்கார்பிக் அமிலத்துக்கு, அதாவது வைட்டமின் சி-க்குச் சமமாகச் சொல்லும், வேறொன்று ஐ.சி.50 என்று கொடுக்கும். ஐ.சி.50 என்றால் ஊதா நிறத்தைப் பாதியாகக் குறைக்கத் தேவையான அளவு. அந்த எண் சிறியதாக இருந்தால்தான் சரக்கு வீரியமானது. பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு "நம்மதுதான் ஒசத்தி" என்று விளம்பரத்தில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முருங்கைக்கும் கரிசலாங்கண்ணிக்கும் இன்னொரு தொல்லை உண்டு. பச்சை இலைச் சாற்றுக்குச் சொந்த நிறம் இருக்கிறது. ஊதா எவ்வளவு வெளுத்தது என்று பார்க்கும் இடத்தில் அந்தப் பச்சையும் கலக்கும். சாற்றை மட்டும் தனியே வைத்து அதன் நிறத்தைக் கழிக்க வேண்டும். அவசரத்தில் செய்யும் இடங்களில் அதை விட்டுவிடுவார்கள். இலைப் பொடியைக் கொடுக்கும்போது "சாம்பிள் பிளாங்க் வச்சீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

பாலிஃபீனால் என்பது தாவரங்களில் இயல்பாக இருக்கும் ஒரு வகை ஆன்டிஆக்சிடன்ட். "டோட்டல் பாலிஃபீனால்" என்று ரிப்போர்ட்டில் வரும் எண் பெரும்பாலும் ஃபோலின் சோதனையிலிருந்து வருவது. அதன் கரைசல் பாலிஃபீனாலோடு மட்டும் நீலமாவதில்லை. வைட்டமின் சி-யோடும் சில சர்க்கரைகளோடும் புரதத்தோடும் கூட நீலமாகும். நெல்லியில் வைட்டமின் சி இருப்பதால் அதன் "பாலிஃபீனால்" எண் உள்ளதைவிடக் கூடுதலாகவே வரும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அடுத்த விஷயம். இந்த எண்களை ஏமாற்றுவது எளிது. தரம் குறைந்த, பழைய நெல்லிப் பொடியில் மலிவான அஸ்கார்பிக் அமிலத்தைக் கொஞ்சம் கலந்தால் டி.பி.பி.எச்., ஃப்ராப், ஃபோலின் எல்லாமே ஏறும். உண்மையாக நிழலில் உலர்த்தி, பூச்சி பார்த்து, நல்ல காயை மட்டும் பொறுக்கிப் போட்ட குழுவின் எண் அதற்குக் கீழே நிற்கும். 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தது இதே வழியில்தான்: புரதச் சோதனை மொத்த நைட்ரஜனை மட்டுமே எண்ணியது, மெலமைனில் நைட்ரஜன் நிறைய. ஆன்டிஆக்சிடன்ட் சரக்கிலும் இது நடந்திருக்கிறது. பில்பெரி என்ற ஐரோப்பியப் பழத்தின் சாறு என்று விற்ற சரக்கில் அமராந்த் என்ற செயற்கைச் சிவப்புச் சாயம் இருந்ததை 2006-ல் வெளியிட்டார்கள். ஒரே அலைநீளத்தில் சிவப்பை அளக்கும் சோதனையில் அது நல்ல சரக்காகத் தேறியிருந்தது. பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் பார்த்தபோதுதான் மாட்டிக்கொண்டது.

சரி, ஏமாற்று இல்லாத நல்ல சரக்கே என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது அந்த எண் உடம்புக்கு என்ன செய்யும் என்று சொல்லுமா? அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஓராக் எண்களை ஒரு பெரிய அட்டவணையாக வைத்திருந்தது. 2012-ல் அதை விலக்கிக்கொண்டது. அந்த எண்களுக்கும் மனித உடல்நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, நிறுவனங்களோ அவற்றை வியாபாரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பதுதான் காரணம். ஆப்பிள் தின்றவர்களின் ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் திறன் ஏறுவதை 2004-ல் ஆராய்ந்தவர்கள், அந்த ஏற்றத்துக்குக் காரணம் பழத்தின் பாலிஃபீனால் இல்லை, அதிலுள்ள ஃபிரக்டோஸால் கூடிய யூரிக் அமிலம் என்று கண்டார்கள். குழாய்க்கும் ரத்தத்துக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் இந்தச் சோதனையை வீண் என்று ஒதுக்க மாட்டேன். உங்கள் பொடியை உங்கள் பொடியோடு ஒப்பிட இது நல்ல கருவி. நிழலில் உலர்த்தியதா, டிரையரில் உலர்த்தியதா, எதில் இழப்பு குறைவு? ஆறு மாதம் அலமாரியில் இருந்த பாட்டிலில் எவ்வளவு மிச்சம்? தை மாதப் பேட்ச்சும் ஆடி மாதப் பேட்ச்சும் ஒன்றுபோல இருக்கின்றனவா? ஒரே முறை, ஒரே கரைப்பான், ஒரே அளவு பொடி, ஒவ்வொரு தடவையும் கூடவே வைக்கும் ஒரு பழைய சாம்பிள் என்று பிடிவாதமாகச் செய்தால் டி.பி.பி.எச். இதற்கெல்லாம் உண்மையான பதில் தரும். அந்தப் பதில் குழுவின் நோட்டில் இருக்க வேண்டியது.

உள்ளே என்ன, எவ்வளவு

இரண்டாவது வகையில் இரண்டு கருவிகளின் பெயர் அடிக்கடி வரும். எச்.பி.டி.எல்.சி. கண்ணாடித் தகட்டில் சாற்றை ஓடவிட்டு, பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும். இது நெல்லிதானா, வேறேதும் கலந்திருக்கிறதா என்று அடையாளம் பார்க்க ஏற்றது. எச்.பி.எல்.சி. ஒவ்வொரு பொருளையும் பிரித்து மில்லிகிராமில் அளவு சொல்லும். முதல் வகையைவிடச் செலவு அதிகம். ஆனால் லேபிளில் போட உரிமை தருவது இந்த எண்தான். அஸ்கார்பிக் அமிலம் கலந்த பொடியும் இங்கே அவ்வளவு எளிதில் தப்பாது. வைட்டமின் சி உயர்ந்து நிற்கும், நெல்லியில் இயல்பாக இருக்கும் காலிக் அமிலமும் எல்லாஜிக் அமிலமும் அதற்கு ஈடாக இருக்காது. சந்தேகம் வர அது போதும்.

இந்தச் சோதனைக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை 100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்றது. 2017-ல் வந்த புதிய அட்டவணையில் அது சுமார் 250 மில்லிகிராம். காயில் நூற்றுக்கு 85 பங்கு நீர் என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் காய்க்கு 15 கிராம் பொடி. காயவைக்கும்போது துளியும் இழப்பு இல்லை என்றே கொண்டாலும், 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் புதிய கணக்குப்படி 8 மில்லிகிராம், பழைய கணக்குப்படி 20 மில்லிகிராம்தான் இருக்க முடியும். 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைத்த நாளொன்றின் அளவு ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம். "ஒரு கேப்சூலில் ஒரு நாள் வைட்டமின் சி" என்று வெறும் நெல்லிப் பொடிக்கு எழுதவே முடியாது. எழுதியிருந்தால் வெளியிலிருந்து சேர்த்திருக்க வேண்டும், அல்லது செறிவூட்டிய சாறாக இருக்க வேண்டும். லேப்புக்குப் பணம் கட்டாமலே ஒரு முடிவு கிடைத்துவிடுகிறது: உங்கள் லேபிளில் வைட்டமின் சி பற்றி வாக்குறுதி இல்லை என்றால், அதை அளப்பதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ சேர்த்து விற்பவர்களுக்கு மட்டும் தள்ளிவைக்கும் சலுகை இல்லை. 1994-ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் இருந்தார்கள். பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1996-ல் அமெரிக்காவிலும் ஒரு ஆய்வை அதே காரணத்தால் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2011-ல் வைட்டமின் ஈ எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. இவை சாப்பாட்டில் வரும் கேரட்டையோ முருங்கையையோ பற்றிய எச்சரிக்கை இல்லை. அதிக அளவில் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் மாத்திரை பற்றியது. சேர்ப்பவர் எவ்வளவு சேர்த்தார் என்பதை ஒவ்வொரு பேட்ச்சிலும் அளந்தே ஆக வேண்டும்.

முதல் பணம் இதற்கு

இனி மூன்றாவது வகை. இதில் வரும் எண் விற்பனைக்கு உதவாது, விளம்பரத்தில் போட அழகாக இருக்காது. "ஈயம் வரம்புக்குள்" என்று யார் பெருமையாக எழுதுவார்கள்? ஆனால் தினமும் இரண்டு கேப்சூல் வீதம் வருஷக்கணக்கில் விழுங்கப்போகிறவருக்கு இதைவிட முக்கியமான எண் கிடையாது.

நம் வட்டாரத்தில் இதற்குத் தனிக் காரணங்களே உண்டு. கடலூர் சிப்காட் பக்கத்துக் காற்றும் நிலத்தடி நீரும் பற்றி மக்கள் ஆண்டாண்டாகப் புகார் சொல்லிவருகிறார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது, அதன் சாம்பலில் உலோகச் சுவடுகள் இருக்கும். நெடுஞ்சாலையோர முருங்கையில் புழுதி படியும். ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000-ல் நின்றுவிட்டாலும் மண்ணில் படிந்த ஈயம் எங்கும் போய்விடவில்லை. இவற்றால் உங்கள் இலை கெட்டது என்று நான் சொல்லவில்லை. இலையைப் பார்த்து அதைச் சொல்லவே முடியாது என்கிறேன். கழுவாமல் காயவைத்த இலையில் எல்லாம் அப்படியே இருக்கும், நீர் போனபின் கிராமுக்கு இன்னும் செறிவாக இருக்கும்.

ஆயுர்வேத மூலிகைகளுக்கு அரசு மருந்தியல் நூல் வைத்த வரம்பு கிலோவுக்கு ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 மில்லிகிராம். உணவு உரிமத்தில் விற்பவருக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் வரம்பு தனி. ரிப்போர்ட்டில் எந்த வரம்போடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். "பாஸ்" என்ற சொல்லோடு நிறைவடையவும் வேண்டாம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஈயம் உள்ள பொடியில் ஒரு நாளைக்கு ஒரு கிராம் விழுங்கினால் 10 மைக்ரோகிராம் ஈயம் உள்ளே போகிறது. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு எல்லா உணவுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 8.8 மைக்ரோகிராம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஒரு குறியளவு வைத்திருக்கிறது. கேப்சூல் வாங்கும் பெண்களில் பலர் அந்த வயதினர்தானே. எண்ணையே வாங்கிப் பாருங்கள்.

கிருமி அடுத்தது. முருங்கை இலையைப் பச்சையாக உலர்த்துகிறோம், வேகவைப்பதில்லை. 2025-ல் அமெரிக்காவில் இந்தியாவிலிருந்து போன முருங்கை இலைப் பொடியால் சால்மோனெல்லா பரவி, சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். சால்மோனெல்லா, ஈ.கோலை, ஈஸ்ட்-பூஞ்சை எண்ணிக்கை மூன்றும் கட்டாயம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உலர்த்திய சரக்கு என்றால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்த இலையைப் பொறுக்கி எறிந்தாலும், அது விட்டுப்போன நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் சரக்கில் நிற்கலாம். இதோடு ஈரப்பதச் சோதனை. அதற்கு லேப் தேவையில்லை, நல்ல தராசும் ஓவனும் இருந்தால் குழுவே பேட்ச்சுக்குப் பேட்ச் செய்துகொள்ளலாம். அப்புறம், ஊர் மாவு மில்லில் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கல்லிலேயே இலையையும் அரைப்பது வழக்கம். அங்கே எது வந்து ஒட்டும் என்று யாருக்கும் தெரியாது. தனி அரவை இயந்திரம் வாங்கும் வரைக்குமாவது, முதலில் கொஞ்சம் அரைத்து வெளியே கொட்டிவிட்டு அதற்கப்புறம் வருவதை எடுங்கள்.

எங்கே கொடுப்பது

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகமும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நல்ல கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் அங்கே உண்டு. கற்றுக்கொள்ளவும், உலர்த்தும் முறையைச் சீர்செய்யவும், மேலே சொன்ன நோட்டுக் கணக்குக்கும் இப்படிப்பட்ட கல்விக்கூடங்களே பொருத்தம். ஆனால் உரிம நிபந்தனைக்குக் காட்ட வேண்டிய ரிப்போர்ட், ஆய்வகங்களைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் உள்ள, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அறிவித்த ஆய்வகத்திலிருந்து வர வேண்டும். உரிமம் பெற்ற தயாரிப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது வேதியியல், நுண்ணுயிர் மாசுகளைச் சோதிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. சென்னையில் அப்படிப்பட்ட தனியார் ஆய்வகங்கள் பல. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. என்.ஏ.பி.எல். முத்திரை லேப் முழுவதற்கும் பொருந்துவதில்லை. எந்தப் பொருளில் எந்தச் சோதனைக்கு என்று தனித்தனியாகப் பட்டியல் உண்டு. நுண்ணுயிருக்கு அங்கீகாரம் இருக்கும், உலோகத்துக்கு இருக்காது. பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே சாம்பிளைக் கொடுங்கள். "என்.டி." (கண்டறியப்படவில்லை) என்று மட்டும் எழுதி, எவ்வளவுக்குக் கீழே இருந்தால் கருவிக்குத் தெரியாது என்பதை எழுதாத ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து அந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள். சாம்பிளும் டப்பாவின் மேல்வாயிலிருந்து அள்ளியதாக இருக்கக் கூடாது. மேலே, நடுவே, அடியே எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து, ஒரு பங்கை அனுப்பி, இன்னொரு பங்கைச் சீல் வைத்துக் குழுவிடமே வைத்திருங்கள். பின்னால் வழக்கோ சந்தேகமோ வந்தால் பேசப்போவது அந்தப் பங்குதான்.

கடலூர்க் குழு புதுச்சேரியில் விற்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ரெட்டிச்சாவடி தாண்டினால் உணவுப் பாதுகாப்புத் துறையே வேறு. சட்டம் ஒன்றுதான், 14 இலக்க உரிம எண்ணும் செல்லும், ஆனால் சாம்பிள் எடுக்க வரும் அதிகாரி புதுவை அரசின் அதிகாரி. அவர் கேட்டதும் காட்ட, ரிப்போர்ட்டின் நகல் கடையிலும் இருக்கட்டும்.

"அப்ப கடைக்காரருக்கு என்ன சொல்றது அக்கா?" என்று கேட்ட குழுவிடம் நான் சொன்னது: ஈயம் முதல் சால்மோனெல்லா வரையிலான ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அதே பேட்ச் எண் உங்கள் பாட்டிலிலும் இருப்பதைக் காட்டுங்கள். ஆன்டிஆக்சிடன்ட் எண் கேட்டால், பேட்ச்சை ஒப்பிட நாங்கள் வைத்திருக்கும் கணக்கு அது, லேபிளில் போடுவதில்லை என்று சொல்லுங்கள். சில கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த விற்பனை போனாலும் பரவாயில்லை என்றே நினைக்கிறேன்.

வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, வாங்கும் யாரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். பொருள் விதிக்கு உட்படவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.